“வீட்டுல குழந்தையை யார் பார்த்துப்பாங்க?”

இன்டர்வியூவில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத அம்மாக்கள் குறைவு. அப்பாக்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டவரை மனசுக்குள் திட்டிவிட்டு வந்துவிடலாம்தான். ஆனால், நம் சம்பளத்தைத் தீர்மானிக்கிற விஷயம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

‘ஒரே காலேஜ், ஒரே மார்க். பத்து வருஷம் கழிச்சு அவன் சம்பளம் எங்கே, என் சம்பளம் எங்கே?’ என்று புழுங்கும் தோழிகளுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், வேறு இரண்டு பேராசிரியர்களுடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்டது. 1990 முதல் 2006 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தவர்களின் சம்பளக் கதை அது. முதல் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். வருடங்கள் ஓட ஓட, ஆண்கள் எங்கோ போய்விட்டார்கள். ஆண்கள் நிதி சம்பந்தமான பாடங்களை அதிகம் படித்திருந்தது ஒரு காரணம். மற்ற இரண்டு, பெண்கள் வேலையில் விட்ட இடைவெளியும், வாரத்தில் குறைத்துக்கொண்ட மணி நேரமும். அந்த இரண்டுக்கும் பெரும்பாலும் பின்னணி, குழந்தை. இதில் இன்னொன்று: கணவர் நன்றாகச் சம்பாதிக்கும் வீடுகளில்தான் மனைவி அதிகம் ஒதுங்கினார். (‘அதான் அவர் சம்பாதிக்கிறாரே!’ என்பது நம்மூர் வசனம் மட்டுமில்லை போலிருக்கிறது.)

அப்படியானால் குழந்தை பெற்றதுதான் தப்பா? இல்லவே இல்லை. இதே கோல்டின், லாரன்ஸ் காட்ஸுடன் சேர்ந்து அமெரிக்க மருந்தாளுநர்களையும் ஆராய்ந்தார். அங்கே சம்பள வித்தியாசம் மிகக் குறைவு. காரணம் எளிது. நோயாளியின் மருந்து விவரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒருவர் ஷிஃப்ட் முடிந்து போனால், அடுத்தவர் அப்படியே தொடரலாம். பாதி நேரம் வேலை பார்த்தால் பாதிச் சம்பளம். அதற்குமேல் தண்டனை இல்லை. ‘ராத்திரி பத்து மணிக்கும் நீதான் போனை எடுக்கணும்’ என்கிற வேலைகளில்தான் அம்மாக்கள் தோற்கிறார்கள். அங்கே திறமையைவிட, எப்போது கூப்பிட்டாலும் வருகிறவருக்கே கூடுதல் விலை.

நம் நாட்டில் 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தார்கள். நல்ல விஷயம். ஆனால், இ.எஸ்.ஐ.யில் வராத பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில். அப்பாவுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. பிறகு, கல்யாணமான பெண் பயோடேட்டாவை நீட்டினால் முதலாளியின் கணக்கு எப்படி ஓடும்? அரசும் செலவில் பங்கெடுத்து, அப்பாவும் கட்டாயம் லீவு எடுத்தால்தான் அந்தக் கணக்கு மாறும் என்பது என் கட்சி.

அதுவரை, கையில் இருப்பதையாவது கேட்டு வாங்குவோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்தில் தர வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. இனி ஆஃபர் லெட்டர் வந்தால், சம்பளத்தைப் பார்த்த கையோடு அதையும் தேடுங்கள். இல்லாவிட்டால், எச்.ஆருக்கு ஒரு மெயில் தட்டுங்கள்.