நர்ஸ் வேலை: சம்பளம் அதேதான்... ஊர் மாறினால் மிச்சம் மாறும்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நர்ஸிங் முடித்த பெண்ணின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘எங்கே சம்பளம் அதிகம்?’ என்பதுதான். மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்ற கேள்வி, பெரும்பாலும் ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் வருகிறது.

எம்.ஆர்.பி எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த செவிலியர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2015-ல் தேர்வானவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போக, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் திரண்டு போராடினார்கள். தொகை பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது.

தொகுப்பூதியத்தில் அகவிலைப்படியும் கிடையாது, வீட்டு வாடகைப்படியும் கிடையாது. ஜெயங்கொண்டம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 18,000, சென்னையிலும் அதே 18,000. சொந்த வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருபவருக்கு அதில் பெரும்பகுதி மிஞ்சும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. சென்னையில் தங்க, சாப்பிட 9,000 என்று வைத்தாலே பாதி காலி. தீபாவளிக்கு ஊருக்கு வரும் செலவு தனி. கவுன்சலிங்கில் பெரிய ஊரைப் பார்த்ததும் மனம் தாவும். அதற்கு முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துவிடுவது நல்லது.

நிரந்தர வேலை என்றால் கதை வேறு. மத்திய அரசின் எய்ம்ஸ், ஜிப்மரில் நர்ஸிங் ஆபீஸருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். வீட்டு வாடகைப்படி சென்னை போன்ற பெருநகரில் 30 சதவிகிதம், திருச்சி, மதுரை, புதுச்சேரியில் 20, சிறிய ஊர்களில் 10. அதாவது 13,470, 8,980, 4,490. வாடகை ஏறும்போது படியும் கூடவே ஏறுகிறது. ஒப்பந்த நர்ஸுக்கு வாடகை மட்டும்தான் ஏறும்.

தனியாருக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதையொட்டி அமைக்கப்பட்ட மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். கேரளம் 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகவே அறிவித்தது. நம் ஊர்ப் பக்கம் பல இடங்களில் அது இன்னும் காகிதத்தோடு நிற்கிறது. இன்டர்வியூவில் சொல்லும் தொகை கைக்கு வரும் தொகையா என்பதையும் கேட்டுவிட வேண்டும். பி.எஃப்-புக்கு 12 சதவிகிதம் பிடிப்பார்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ-க்கு 0.75 சதவிகிதம், குடும்பத்துக்கே வைத்தியம் கிடைப்பதால் இந்தப் பிடித்தம் லாபம்தான்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தாலும் பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றல்ல. அரியலூரில் ரயில் நிற்கும். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கேதான். பெரம்பலூருக்கு ரயில் இல்லை; ஆனால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இருப்பதால் ராத்திரியிலும் பஸ் கிடைக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியும் இருக்கிறது. நைட் டியூட்டி பார்ப்பவருக்கு இதெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி.

வளைகுடா ஆசை இருந்தால், தினாரையும் ரியாலையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் யார் தருவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். தமிழக அரசே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. தனியார் ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும் தாண்டி வாங்கக் கூடாது. லட்சத்தில் பேசும் ஏஜென்ட் என்றால், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிடலாம்.