ராஜராஜன் கல்லில் இருக்கும் சேரி

தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து அடித்தளத்தைப் பார்க்கிறவன். ராஜராஜ சோழன் தன் தலைநகரில் 1010இல் கட்டி முடித்த கோயிலின் கணக்குவழக்கு அங்கேதான் வெட்டப்பட்டிருக்கிறது.

கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைச் சொல்லும்போது, வரியில்லாத நிலங்களையும் ஊர்வாரியாகச் சொல்கிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்று வரும் அந்த வரிசையில் பறைச்சேரியும் வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறார்கள். செத்த பிறகும் பிரிவினை போகவில்லை, பறைச்சுடுகாடு தனி. 'தீண்டாமை அந்நியர் கொண்டுவந்தது, சோழர் காலத்தில் ஏது சாதி?' என்று கேட்கும் நண்பர்கள் என்னோடு சண்டை போட வேண்டாம், இந்தக் கல்லோடு போடட்டும்.

இன்னொரு கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றியது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்குக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை குறித்திருக்கிறார்கள். இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. ஒரு பேரரசு பெண்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்துக் கணக்கெழுதியதாகத்தான் நான் படிக்கிறேன்.

அதே காவிரிச் சமவெளியில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்த இடத்தின் பெயரும் சேரிதான்.

தோழர்களே, ஐப்பசிச் சதயவிழாவில் தீண்டாச்சேரி என்று வெட்டிய அந்த வரியையும் மேடையில் வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.