மூலப்பத்திரம் வரலாறு ஆகாது

2018இல் அமெரிக்காவின் மான்டெரேயில் நடந்த ஏலத்தில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. 'ஒரு காருக்கா இவ்வளவு காசு?' என்று வாயைப் பிளந்தால், 'காருக்கு இல்ல, அதன் வரலாற்றுக்கு' என்கிறார்கள்.

எந்த வரலாறு சார்? 1962 முதல் 64 வரை செய்ததே மொத்தம் 36 வண்டிகள். பந்தய விதி கேட்டதோ 100. 'இது புது கார் இல்ல, பழைய மாடலில் செய்த திருத்தம்தான்' என்று சொல்லித்தான் ஃபெராரி சமாளித்தது. அன்றைய தில்லுமுல்லுக்கு இன்றைய பெயர் அபூர்வம். வடிவமைக்கத் தொடங்கிய ஜியோத்தோ பிட்ஸாரினி 1961லேயே கம்பெனியை விட்டுப் போய்விட்டார். வேலையை முடித்தவர் மௌரோ ஃபோர்கியேரி. ஏலம் போன அந்த வண்டியே 1962இல் பிறந்து, 1964இல் புது உடல் மாட்டிக்கொண்டது. அப்புறம் 'அசல்' என்று எதைக் கும்பிடுகிறோம்? சேஸிஸ் எண்ணையா?

அந்த உடல் மொடேனாவில், ஸ்காலியெட்டி பட்டறையில் உருவானது. அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவந்த வளைவுகள். இந்த வண்டிகளின் கதையில் பட்டறை முதலாளி பெயர் வரும், ஓட்டியவர் பெயர் வரும், வாங்கி விற்றவர்கள் வரிசையாக வருவார்கள். தட்டியவர் பெயரை எங்கே தேடுவது?

நிலத்துக்கு மூலப்பத்திரம் பார்க்கிற கதைதான் இது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பத்திரம் சொல்லும். யார் உழுதது என்று சொல்லாது. பத்திரத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க. அதை வரலாறுன்னு மட்டும் சொல்லாதீங்க.