சர்வருக்கும் ஒரு சமையல் குறிப்பு

சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைப் பத்திரப்படுத்தும் பெரிய பீரோ, கிட்ஹப். 2018-ல் அதை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும், 'நம்ம வீட்டுப் பத்திரம் அடுத்தவர் பீரோவில் எதற்கு?' என்று யோசித்தவர்கள் பலர். அவர்களுக்காகவே கிட்டீ, ஃபோர்ஜெயோ, கிட்லேப் போன்ற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். கிட்டீக்கு உள்ளங்கை அளவுள்ள ராஸ்ப்பெரி பை கூடப் போதும்.

நிறுவுவது ஒரு மாலை வேலை. டேட்டாபேஸ், பாஸ்வேர்டு, பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி முடித்துவிடலாம். ஆறு மாதம் கழித்து ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டால்தான் சிக்கல். அன்றைக்கு என்னென்ன தட்டினோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

இதற்குத்தான் ஆன்சிபிள். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சமையல் குறிப்பு போல ஒரு ஃபைலில் எழுதி வைத்தால், அதுவே செய்து முடிக்கும். வீட்டுக் குறிப்பை இரண்டு முறை பின்பற்றினால் சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழும். ஆன்சிபிளோ, ஒழுங்காக எழுதிய குறிப்பாக இருந்தால், உப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே ஒரு கண்டிப்பு: வரியின் தொடக்கத்தில் இடைவெளி பிசகினாலும் முரண்டு பிடிக்கும்.

பேக்கப்பையும் இப்படித் தானாக ஓட விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள், கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். களைத்துப்போன இன்ஜினீயர் ஒருவர், உபரி சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸையே அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி காலி!

பேக்கப் இருக்குமே என்று தேடினால், பெட்டி வெறுமையாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, அதை நகலெடுக்க வேண்டிய கருவியோ பழைய 9.2. தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று அது மெயிலும் அனுப்பியிருக்கிறது. அனுப்புநர் அடையாளம் சரியில்லை என்று அந்த மெயில்கள் நிராகரிக்கப்பட்டன!

வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே இன்ஜினீயர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். புரோகிராம்களுக்குச் சேதமில்லை. ஆனால், இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் போயின.

எனவே குறிப்பில் 'பேக்கப் எடு' என்ற வரிக்குக் கீழே 'அதைத் திறந்து பார்' என்ற வரியும் வேண்டும். பழைய லேப்டாப்பில் அதே குறிப்பை ஓட்டி, நேற்றைய பேக்கப்பை ஏற்றி, உள்ளே நுழைய முடிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கலாம். கிட்டீ என்றால் டேட்டாபேஸோடு 'ஆப்.இனி' ஃபைலையும் எடுத்து வைக்க வேண்டும். ரகசியச் சாவி அதில்தான் இருக்கிறது. சாவி தொலைந்தால், டேட்டாபேஸில் பூட்டி வைத்த ரகசியங்களைத் திறக்க முடியாது.