படிப்படியாக என்றால் எத்தனை படி?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சத்தியவேடு பக்கத்து ஆட்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு செய்தியைத் தேடிப் படிப்போம். பிச்சாட்டூர் அணை நிரம்பிவிட்டதா, ஆரணி ஆற்றில் எத்தனை கன அடி திறக்கிறார்கள், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழி திறந்திருக்கிறதா? செய்தியின் கடைசியில் அநேகமாக ஒரு வரி இருக்கும். நீர்வரத்தைப் பொறுத்து வெளியேற்றம் படிப்படியாக உயர்த்தப்படும் என்று.

இந்தப் 'படிப்படியாக' மேல்தான் எனக்குக் கோபம். எத்தனை படி? ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம்? ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் எத்தனை நிமிடம்? அது எழுதப்படுவதே இல்லை.

தண்ணீர் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்கிறவர்களுக்கும் இதே கேள்விதான் தினசரிப் பிரச்சினை. நேரத்தோடு மாறும் ஓட்டத்தைக் கணக்கிடும்போது, உள்ளே வரும் தண்ணீர் எப்படி மாறுகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சுலபமான வழி ஸ்டெப் ஃபங்ஷன். இந்த நொடி வரை பூஜ்யம், அடுத்த நொடி முழு அளவு. தமிழில் படிச் சார்பு எனலாம். ஒரே வரியில் எழுதிவிடலாம், அதனால் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் இதைத்தான் போடுவார்கள்.

அதில் என்ன தப்பு? ஒரு சின்னக் கணக்கு. 10 மீட்டர் நீளக் குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அதை ஒரே தாவலில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் நேரத்தை 0.001 நொடித் துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொஞ்சமும் அமுங்காது என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரு துண்டில் குழாய் வாயில் தேவைப்படும் அழுத்தம் 100 பார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற அழுத்தம்! சரி, இன்னும் துல்லியமாகப் பார்ப்போம் என்று நேரத்துண்டைப் பாதியாக்கினால் 200 பார். துல்லியம் கூடக் கூட விடை இன்னும் மோசமாகிறது. அப்படியானால் அது தண்ணீர் சொல்லும் விடையே இல்லை, நாம் வெட்டிய துண்டு சொல்லும் விடை.

உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம், 'ராம்ப் போடு'. அதாவது படியை எடுத்துவிட்டு சாய்தளம் வை. மெல்ல ஆரம்பித்து, நடுவில் வேகம் பிடித்து, முடிவில் மெல்ல நிற்கிற எஸ் வடிவக் கோடு வை. கணக்கு சமர்த்தாக ஓடும், வரைபடமும் அழகாக வரும்.

என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தச் சாய்தளத்தின் நீளம் எங்கிருந்து வந்தது? நிஜ ஷட்டரோ வால்வோ திறக்க எடுக்கும் நேரத்திலிருந்து வந்தால் சரி. கணக்கு நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது என்றால், நிஜத்தில் இருந்த ஓர் அடியை நாமே மெத்தை வைத்து மறைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஏனென்றால் சில சமயம் நிஜமே படியாகத்தான் இருக்கிறது. 1890களின் இறுதியில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து ஜுகோவ்ஸ்கி இதைக் கணக்காக்கினார். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை இரும்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் 10, 12 பார் வரை எகிறும். ஆயிரக்கணக்கில் போகாது, ஏனென்றால் நிஜத் தண்ணீர் துளி அமுங்கும், குழாயும் துளி விரியும். சரி, சட்டென்று என்றால் எவ்வளவு சட்டென்று? அதற்கும் அளவு உண்டு. வால்வு மூடிய சேதி அலையாகக் குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வரும் நேரம். ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு சுமார் 2 நொடி. அதற்குள் மூடினால் அது படி. ஒரு நிமிடம் எடுத்து மூடினால் சாய்தளம். சால்வரின் வசதி இதில் எங்கேயும் வராது.

ஊருக்கு வருவோம். சத்தியவேடு பக்கமாக வரும் கிருஷ்ணா கால்வாயைப் பாருங்கள். கண்டலேறு அணையிலிருந்து தமிழக எல்லையின் ஜீரோ பாயிண்ட் வரை 152 கிலோமீட்டர். அங்கே ஷட்டரைத் தூக்கினால் இங்கே தண்ணீர் வரவே சில நாள் ஆகும். வரும்போதும் முதலில் கொஞ்சமாக வந்து, பிறகு மெல்ல மெல்லக் கூடும். அங்கே படியாக வைத்ததை உராய்வும் தூரமும் தேய்த்துத் தேய்த்து இங்கே சாய்தளமாக ஆக்கிவிடும். இந்தக் கால்வாய்க்கு ஜீரோ பாயிண்டில் நின்று கணக்குப் போடுகிறவர் படி போட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஆரணி ஆறு அப்படி இல்லை. பிச்சாட்டூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம்தான். அங்கே வைத்த படி தேய்வதற்கு இடமில்லை. அதோடு அணை ஆந்திராவில், கீழ்க்கரை கிராமங்கள் பல தமிழ்நாட்டில். ஷட்டர் தூக்கிய சேதி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொரு மாநிலத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குள் மாடு ஓட்டிப்போனவருக்குப் போக வேண்டும். தண்ணீருக்கு எந்த அலுவலகமும் கிடையாது, நேரே வந்துவிடும்.

படி எவ்வளவு கொடூரமானது என்பதற்கு 2014 ஜூன் 8 போதும். இமாச்சலில் லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பியாஸ் ஆற்றில் திடீரென்று உயர்ந்து, படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் இன்ஜினியரிங் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. ஆற்றின் கொள்ளளவை மீறிய பிரளயம் எதுவும் அன்று வரவில்லை. கரை ஏற அவகாசம் கொடுக்காத வேகத்தில் ஏறியது, அவ்வளவுதான்.

2015 டிசம்பர் 1ஐயும் யோசித்துப் பாருங்கள். காலையில் ஆயிரம் கன அடிக்குள் இருந்த செம்பரம்பாக்கம் வெளியேற்றம் அன்றே 29,000 கன அடிக்குப் போனது. எவ்வளவு திறந்தார்கள், முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்று வருடக்கணக்கில் சண்டை போட்டோம். அதுவும் தேவையான சண்டைதான். எவ்வளவு வேகத்தில் ஏற்றினார்கள் என்பது மட்டும் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. நாள் சராசரியாக எழுதி வைத்தால் அந்த ஏற்றமே கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். சிமுலேஷன் செய்கிற தம்பி தங்கைகள், படி போட்டாலும் சாய்தளம் போட்டாலும் அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். நேரத்துண்டைப் பாதியாக்கி விடை மாறுகிறதா என்று பாருங்கள். அணையைத் திறக்கிறவர்கள், கன அடியோடு 'மணிக்கு எத்தனை கன அடி வீதம்' என்பதையும் அறிவியுங்கள். ஆற்றில் இறங்கியவர் கரையேற ஆகும் நேரத்தைவிட ஒரு படிக்கான இடைவெளி அதிகமாக இருக்கட்டும்.

அடுத்த மழைக்கு ஊருக்கு போன் பேசும்போது, எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரத்தில் ஏற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் தெரியாது என்று சொன்னால், தெரிகிறவரை ஆற்றுப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள்.