கடை கைமாறினால் கைப்பக்குவம் மாறுமா?



ஜெஞ்சாரோமிலாகட்டும், பந்திங்கிலாகட்டும், நாம் வழக்கமாகப் பசியாறும் கடையில் திடீரென்று "புதிய நிர்வாகம்" என்று பலகை தொங்கினால் மனம் திக்கென்கிறது அல்லவா? சம்பளம் போட்ட மறுநாள் பிள்ளைகளை அழைத்துப் போய்த் தோசை வாங்கிக் கொடுத்த கடையாயிற்றே! "சாம்பார் பழைய மாதிரி இருக்குமா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அடுப்படியில் நின்ற மாஸ்டர் எங்கே? மேசை துடைத்த தம்பி எங்கே?

இந்தியாவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

உள்நாட்டு மக்களைக் கோப்பி குடிக்கப் பழக்குவதற்காக 1936-இல் பம்பாயில் "இந்தியா காபி ஹவுஸ்" என்ற கடை தொடங்கப்பட்டது. பிறகு கோப்பி வாரியத்தின் பொறுப்பில் பல நகரங்களுக்கும் பரவியது. மாணவர்களும் எழுத்தாளர்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசும் இடமாயிற்று. ஆனால் 1950-களின் நடுவில் கடைகளை மூடிவிட வாரியம் முடிவு செய்தது. சமைத்தவர், பரிமாறியவர், கோப்பை கழுவியவர் எல்லாரும் வேலையிழந்து நின்றார்கள்.

அப்போது கேரளத்துத் தொழிலாளர் தலைவர் ஏ.கே. கோபாலன் ஒரு வழி சொன்னார். தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை எடுத்து நடத்த வேண்டும் என்பதே அது. 1957 ஆகஸ்டு 19-இல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. அக்டோபர் 27-இல் டில்லியில் "இந்தியன் காபி ஹவுஸ்" என்ற பெயரில் கடை திறந்தது. 1958 மார்ச் 8-இல் திருச்சூரிலும் திறந்தார்கள். நேற்றுவரை தட்டு ஏந்தியவர்களே இன்று நிர்வாகம்! சமைத்த கை மாறவில்லை. ஆகவே ருசியும் மாறவில்லை.

சபரிமலைக்கும் குருவாயூருக்கும் போகும் நம்மவர்கள், திருவனந்தபுரத்தில் இறங்கினால் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகில் செங்கல்லால் கட்டிய வட்டமான கட்டடத்தைப் பார்க்கலாம். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த காபி ஹவுஸ் அது. சுருள் சுருளாக மேலேறும் சரிவில் மேசைகள் போட்டிருக்கும். தலையில் விசிறிபோல் விரிந்த பாகை கட்டி, வெள்ளை உடுப்பில் வந்து பரிமாறுவார்கள். மசால் தோசையைப் பிட்டால் உள்ளே சிவப்பாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அது பீட்ரூட்!

அங்கேயும் கஷ்டம் இல்லாமல் இல்லை. பெங்களூரு எம்.ஜி. சாலையில் புகழோடு நடந்த கடை 2009-இல் அந்த இடத்தை விட்டு சர்ச் தெருவுக்குப் போக நேர்ந்தது. தொழில் நம்முடையதாக இருந்தாலும் இடம் அடுத்தவருடையதானால் என்ன ஆகும் என்பது லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாததா?

தோட்டத் துண்டாடல் காலத்தில் இதைத்தானே கண்டோம்! தோட்டம் கைமாறியது, பால்மரம் வெட்டியவன் மூட்டை கட்டினான். அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார்.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சேதி. 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்த நட்டஈட்டு விதிகள் தீபகற்பத்தில் நடப்பில் உள்ளன. கடை கைமாறிய ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் புது முதலாளி வேலை கொடுக்க முன்வர வேண்டும். இல்லையென்றால் பழைய முதலாளி நட்டஈடு தர வேண்டும். ஓராண்டு முதல் ஈராண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு இது பொருந்தும். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தகராறு என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகத் தயங்காதீர்கள்.

அடுத்த முறை புதுப் பலகை கண்ணில் பட்டால், உள்ளே போய்ப் பழைய முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நிம்மதியாக உட்கார்ந்து இலை போடச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், கல்லாவில் இருப்பவரிடம் "பழைய மாஸ்டர் எங்கே ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காசு கொடுத்துச் சாப்பிடுகிற நாம் கேட்டால், பதில் சொல்லத்தானே வேண்டும்!