சிட்னியில் பிறந்த தொண்டைமான் பிள்ளை

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு. அப்பாவுக்கு ஆலங்குடிப் பக்கம், அம்மா ஜப்பான்காரர். பாவாடை சட்டை, தலை நிறைய மல்லிகைப்பூ. ரசம் சாதத்தை நம்மைப் போலவே கையால் வழித்துச் சாப்பிட்டாள்.

அந்தப் பக்கம் இருந்த அப்பத்தா கேட்டார்: "பாப்பாவுக்கு எந்த ஊரு?"

"ஆலங்குடி."

"அது ஒங்க அப்பா ஊரு. நீ எந்த ஊரு?"

பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தது.

ஜப்பானில் இவளைப் போன்றவர்களை 'ஹாஃபு' என்பார்கள். ஆங்கில 'ஹாஃப்'தான், பாதி ஆள் என்று அர்த்தம். 2016-ல் அங்கே உலக அழகிப் போட்டிக்குத் தேர்வான பிரியங்கா யோஷிகாவாவின் அப்பா இந்தியர். பிறந்தது டோக்கியோவில். ஆனாலும், 'அசல் ஜப்பானியப் பெண் கிடைக்கவில்லையா?' என்று சிலர் குறைப்பட்டார்கள்.

ஜப்பானைச் சொல்வானேன்? நம்ம ஊர்க் கதையே இருக்கிறது.

புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊருக்கு அழைத்தும் வந்தார். வெள்ளைக்காரப் பெண் ஓர் இந்திய ராஜாவுக்கு வாழ்க்கைப்படுவதை வெள்ளை அதிகாரிகளால் தாங்க முடியவில்லை. அவரை ராணி என்று ஏற்க மாட்டோம் என்றார்கள். இங்கேயும் அரண்மனைச் சுற்றமும் ஊர்ப் பெரியவர்களும் முகம் கொடுக்கவில்லை. கர்ப்பமாக இருந்தவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, அரளி கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம்கூட எழுந்தது. சில மாதங்களில் இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். 1916 ஜூலையில் சிட்னியில் பையன் பிறந்தான். பேர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்.

பேரிலேயே இரண்டு ஊரும் இருந்தது. பட்டத்துக்கு அது உதவவில்லை. 1928-ல் ராஜா பாரிஸில் காலமானபோது, ஆங்கிலேய அரசு அந்தப் பையனை வாரிசாக ஏற்காமல், தொண்டைமான் குடும்பத்திலேயே ஆறு வயசுப் பிள்ளையான ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டியது. ராஜாவின் உடல்கூட ஊர் வந்து சேரவில்லை, லண்டனில் எரியூட்டினார்கள்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. மார்த்தாண்ட பைரவரே முந்தைய ராஜாவின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா அவரைச் சுவீகாரம் எடுத்துத்தான் பட்டத்துக்கு வந்தார். பேரனைப் பிள்ளையாக்க வழி இருந்தது. பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல வழி இல்லையாம்! வெள்ளைக்காரர்களுக்கு அவன் இந்தியன், இங்கே உள்ளவர்களுக்கு வெள்ளைக்காரி மகன். மற்றபடி எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இந்த ஒன்றில் ஒத்துப்போயின.

பாயசம் வந்தது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து, "நீங்க எந்த ஊரு அப்பத்தா?" என்றாள்.

"நானா? அறந்தாங்கி" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அது வாக்கப்பட்ட ஊரு. பொறந்தது திருமயம்" என்றார்.